இது யாருடைய கிருதி? கச்சேரியில் கண்டுபிடிக்க அக்கா தரும் டிப்ஸ்

தங்கச்சி, கச்சேரிக்குப் போக ஆரம்பித்துவிட்டாய். கல்யாணி, மோகனம், தோடியெல்லாம் காதுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் பக்கத்து சீட் மாமி "இது யாரோட கிருதி?" என்று கேட்டால் மட்டும் வாய் தானாக "தியாகராஜர்" என்கிறது, இல்லையா? மேடைகளில் அவர் பாட்டுதான் அதிகம் என்பதால் அந்தப் பதில் பல நேரம் தப்பித்துவிடும். தப்பிக்காத நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை விதி ஒன்றே ஒன்று. எந்தத் துப்பையும் தனியாக நம்பாதே. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துப்புகள் ஒரே ஆளைக் காட்டினால் பேர் சொல்லு. காட்டாவிட்டால் சரணம் வரைக்கும் பொறு. கவனிக்க வேண்டியவை ஐந்து: மொழி, தெய்வம், நடை, ராகம், முத்திரை. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. மொழியில் தொடங்கு

பல்லவி இரண்டு தடவை வருவதற்குள் மொழி தெரிந்துவிடும். அர்த்தம் புரியவேண்டிய அவசியமில்லை, சொற்கள் எப்படி முடிகின்றன என்று கேள். 'அம்', 'ஆய', 'ஸ்ய' என்று முடிந்து, இரண்டு மூன்று சொற்கள் ஒன்றாகக் கோத்து நீளமாக வந்தால் சமஸ்கிருதம். 'னு', 'லு', 'ரா' என்று உயிரெழுத்தில் வழுக்கிக்கொண்டு போனால் தெலுங்கு. 'நின்ன', 'பாரோ', 'எல்லி' காதில் விழுந்தால் கன்னடம்.

மொழி தெரிந்ததும் பாதிப் பேரை ஒதுக்கிவிடலாம். சமஸ்கிருதம் என்றால் முத்துசுவாமி தீட்சிதர், சுவாதித் திருநாள், சதாசிவ பிரம்மேந்திரர், நாராயண தீர்த்தர். தெலுங்கு என்றால் தியாகராஜர், சியாமா சாஸ்திரி, அன்னமாச்சாரியார், பத்ராசல ராமதாசர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர். கன்னடம் என்றால் முதலில் புரந்தரதாசர், அடுத்து கனகதாசர், வியாசராயர். தமிழ் என்றால் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, கோடீஸ்வர ஐயர், பாபநாசம் சிவன்.

எங்கே காலை வாரும்? சமஸ்கிருதம் என்றதும் தீட்சிதர் என்று குதிக்காதே. நாட்டை ராகப் பஞ்சரத்னமான 'ஜகதானந்தகாரக' சமஸ்கிருதம்தான், இயற்றியவர் தியாகராஜர். கல்யாணியில் 'ஹிமாத்ரி சுதே'யும் சமஸ்கிருதம், இயற்றியவர் சியாமா சாஸ்திரி. அதனால் மொழியை வைத்து ஆள்களை ஒதுக்கு, ஆளை முடிவு செய்யாதே.

2. யாரைப் பாடுகிறார், எந்த ஊர்?

தியாகராஜர் ராமனிடம் பேசுவார். கெஞ்சுவார், கோபிப்பார், 'எனக்கு மட்டும் ஏன் இரங்கவில்லை' என்று வழக்காடுவார். சில சமயம் ராமனை விட்டுவிட்டுத் தன் மனசைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்வார். சியாமா சாஸ்திரி தஞ்சாவூர் பங்காரு காமாட்சியிடம் பிள்ளை அம்மாவிடம் பேசுகிற மாதிரி பேசுவார். 'வேறு கதி யார்' என்ற ஏக்கம் பாட்டுக்குப் பாட்டு வரும். தீட்சிதர் பேசுவதில்லை, வர்ணிப்பார். எந்தத் தலம், சுவாமி பேர் என்ன, அம்பாள் யார், அங்கே என்ன விசேஷம், மந்திர சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கோயிலையே கண்முன் நிறுத்துவார். திருவாரூர் கமலாம்பாள் மேல் நவாவரணம், பஞ்சபூத லிங்கங்கள், நவக்கிரகங்கள் என்று தொகுப்புத் தொகுப்பாகச் செய்ததும் அவர்தான்.

சுவாதித் திருநாள் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியை விட்டுப் போகமாட்டார். தமிழில் சிதம்பரம், அதுவும் தில்லைக்குப் போகத் துடிக்கும் நந்தன் என்றால் கோபாலகிருஷ்ண பாரதி. தமிழில் ராமாயணக் காட்சி என்றால் அருணாசலக் கவிராயரின் 'ராம நாடகம்' நினைவுக்கு வரட்டும். மயிலாப்பூர் கபாலியும் கற்பகாம்பாளும் தமிழில் வந்தால் பாபநாசம் சிவன் பக்கம் திரும்பு.

இதிலும் பொறி உண்டு. தெலுங்கில் அம்மன் பாட்டு என்றால் சியாமா சாஸ்திரிதான் என்று எழுதிவிடாதே. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் ஐந்து கிருதிகள் செய்திருக்கிறார். கோவூர் சுந்தரேஸ்வரர் மேலும் ஐந்து. திருவையாற்று தர்மசம்வர்த்தினியையும் பாடியிருக்கிறார். அந்தப் பக்கம் தீட்சிதரும் ராமனை விட்டுவைக்கவில்லை. மணிரங்கில் 'மாமவ பட்டாபிராம' அவருடையது. ராமன் என்ற துப்பு தியாகராஜரைக் காட்டும்போது மொழி என்ற துப்பு தீட்சிதரைக் காட்டினால், நடையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்.

3. நடையும் அமைப்பும்

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளைப் பிரித்தறிய இதைவிட நம்பகமான துப்பு கிடையாது. வார்த்தை சரியாகக் காதில் விழாவிட்டாலும் இது கைகொடுக்கும்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி, கடைசியில் எங்கேயோ உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவை சங்கதிகள். அது தியாகராஜர் பாணி. கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜ' பல்லவியைக் கேட்டால் உடனே புரியும்.

பாட்டு நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தடவிக்கொண்டு போய், கடைசியில் திடீரென்று சாகித்தியம் மட்டும் இரண்டு மடங்கு வேகம் எடுக்கிறதா? அது மத்யமகால சாகித்தியம், தீட்சிதரின் கையெழுத்து. அனுபல்லவி தனியாக இல்லாமல் பல்லவிக்கு அடுத்து நேரே ஒரே சரணத்தில் முடிந்தால் அது சமஷ்டி சரணம். அதுவும் அவரிடம் நிறைய.

ஸ்வரமாக ஒரு பகுதியைப் பாடிவிட்டு, அதே மெட்டுக்கு வார்த்தை போட்டு இன்னொரு தடவை பாடினால் அது ஸ்வர சாகித்தியம். தெலுங்கும் அம்மனும் கூடச் சேர்ந்துகொண்டால் சியாமா சாஸ்திரி. தாளத்தையும் பார்த்துக்கொள். மிஸ்ர சாபு ஏழு எண்ணிக்கை, வழக்கமாக 3, 4 என்று விழும். அதைத் திருப்பி 4, 3 என்று போடும் விலோம சாபு அவருக்குப் பிடித்த கணக்கு. ஆனால் மிஸ்ர சாபு என்ற ஒன்றை மட்டும் வைத்து அவர் பேரைச் சொல்லாதே, தியாகராஜரிடமும் அந்தத் தாளம் ஏராளம். பைரவி, தோடி, யதுகுலகாம்போதி ஆகிய மூன்றில் ஒன்றில் அம்மன் மேல் நீளமான ஸ்வரஜதி வந்தால் யோசிக்கவே வேண்டாம், சியாமா சாஸ்திரி.

தமிழில் சந்தம் துள்ளித் துள்ளி ஓடி, முருகனைப் பாடி, 'பெருமாளே' என்று முடிந்தால் அருணகிரிநாதரின் திருப்புகழ். 'பெருமாள்' என்றதும் விஷ்ணு பாட்டு என்று குறித்துவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீ அந்தப் பட்டியலில் சேராதே.

4. ராகம்: முதலில் கிடைக்கும், கடைசியில் நம்பு

ஆலாபனையிலேயே ராகம் தெரிந்துவிடுவதால் எல்லோரும் அதிலேயே ஆளைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். ராகம் ஆளைக் காட்டுவது அபூர்வம், ஆளை விலக்குவதுதான் அதன் பலம். கரகரப்பிரியா என்றால் தீட்சிதரை அடித்துவிடலாம். அந்த மேளத்தில் அவர் ஸ்ரீராகத்தைத்தான் எடுத்தாண்டார். சியாமா சாஸ்திரியையும் அடித்துவிடலாம். மும்மூர்த்திகளில் மிஞ்சுவது தியாகராஜர் ஒருவர்தான். ஆனந்தபைரவி என்றால் சியாமா சாஸ்திரியைப் பட்டியலின் தலையில் வை. ஹிந்துஸ்தானி வாசனை வீசும் த்விஜாவந்தி, பிருந்தாவன சாரங்கா போன்றவை சமஸ்கிருதத்தில் வந்தால் தீட்சிதர். இளமையில் காசியில் இருந்த காலம் அவர் இசையில் தங்கிவிட்டது. மோகனகல்யாணி, கர்ணரஞ்சனி என்றால் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை நினை.

அழைப்பிதழிலோ நிகழ்ச்சித் தாளிலோ ராகப் பெயர் அச்சாகியிருந்தால் அதுவும் ஒரு துப்பு. தீட்சிதர் வழியில் மேளங்களுக்கு வேறு பெயர். சண்முகப்பிரியா என்று போடவேண்டிய இடத்தில் 'சாமரம்', காமவர்த்தினிக்குப் பதில் 'காசிராமக்ரியா', சிம்மேந்திரமத்தியமத்துக்குப் பதில் 'சுமத்யுதி' என்று இருந்தால் பாட்டு தொடங்கும் முன்பே பதில் உன் கையில்.

ராகத் துப்பு அடியோடு செல்லாத இடமும் உண்டு. மெட்டு இயற்றியவருடையதாக இருந்தால்தானே ராகம் அவரைக் காட்டும்? அன்னமாச்சாரியாரின் பாடல்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பல 20-ம் நூற்றாண்டு வித்வான்கள் போட்டவை. திருப்பாவைக்கு இன்று மேடையில் பாடும் மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் தந்தவை. சுவாதித் திருநாளின் 'பாவயாமி ரகுராமம்' முதலில் சாவேரியில் இருந்தது, ராகமாலிகையாக்கியவர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர். இங்கெல்லாம் ராகத்தை வைத்து யோசித்தால் மெட்டுப் போட்டவரைத்தான் கண்டுபிடிப்பாய்.

5. முத்திரை: கடைசியில் வரும் கையெழுத்து

இயற்றியவர் பாட்டுக்குள் தன் அடையாளச் சொல்லை வைப்பது முத்திரை. பெரும்பாலும் கடைசிச் சரணத்தில் வரும். பல சரணங்கள் உள்ள பாட்டில்கூட மேடையில் அந்த ஒன்றைத்தான் அதிகம் பாடுவார்கள். அதனால் சரணம் தொடங்கியதும் கைப்பையைத் துழாவுவதை நிறுத்து. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்:

தியாகராஜர் – தியாகராஜ
தீட்சிதர் – குருகுஹ
சியாமா சாஸ்திரி – சியாமகிருஷ்ண
சுப்பராய சாஸ்திரி (சியாமா சாஸ்திரியின் மகன்) – குமார
சுவாதித் திருநாள் – பத்மநாப, அதே பொருளில் சரசிஜநாப, பங்கஜநாப, ஜலஜநாப
புரந்தரதாசர் – புரந்தர விட்டல
கனகதாசர் – காகிநெலெ ஆதிகேசவ
க்ஷேத்ரஞர் – முவ்வகோபால
சதாசிவ பிரம்மேந்திரர் – பரமஹம்ஸ
கோபாலகிருஷ்ண பாரதி – கோபாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன்
பட்டணம் சுப்பிரமணிய ஐயர் – வேங்கடேச
மைசூர் வாசுதேவாசார் – வாசுதேவ
முத்தையா பாகவதர் – ஹரிகேச
கோடீஸ்வர ஐயர் – கவிகுஞ்சரதாசன்
பாபநாசம் சிவன் – ராமதாசன்

இவ்வளவு தெளிவான துப்பிலும் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதல் பள்ளம், 'தியாகராஜ'. திருவாரூர் கோயிலின் சுவாமி பேரே தியாகராஜர். தீட்சிதர் அவர் மேல் வேற்றுமைக்கு ஒன்றாக ஒரு வரிசையே செய்திருக்கிறார். ஆனந்தபைரவியில் 'தியாகராஜ யோக வைபவம்' என்று தொடங்கியதும் அரங்கில் பலர் தலையாட்டித் தப்பான பேரைச் சொல்வார்கள். முத்திரை பல்லவியின் வாசலிலேயே நிற்காது. முதல் சொல்லாக வந்தால் அது சுவாமி என்று சந்தேகப்படு, குருகுஹ வருகிறதா என்று காத்திரு.

இரண்டாவது, 'ராமதாச'. பத்ராசலத்தில் கோயில் கட்டியதற்காகக் கோல்கொண்டாவில் சிறையிருந்த கஞ்சர்ல கோபன்னாவும் ராமதாசர், நம் பாபநாசம் சிவனும் ராமதாசர். தெலுங்கா தமிழா என்று பார்த்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பேர் இல்லாத பாட்டுகள். ஊத்துக்காடு வேங்கட கவியின் கண்ணன் பாட்டுகளில் பெரும்பாலும் அவர் பேர் கிடைக்காது. தாளக்கட்டும் நடனத் துள்ளலும் கண்ணன் மேல் செல்லமும்தான் அங்கே அடையாளம்.

ராகத்தின் பேரையே பாட்டுக்குள் செருகுவது ராக முத்திரை. ஹம்சத்வனியில் 'வாதாபி கணபதிம்' முடியும் இடத்தில் கவனி, ராகத்தின் பேர் ஒளிந்திருக்கும். தீட்சிதருக்கு இது வழக்கம். தமிழில், முருகன் மேல், அபூர்வ மேளகர்த்தாவில் ராகப் பேரும் உள்ளே வந்தால் கோடீஸ்வர ஐயர். 72 மேளத்துக்கும் 'கந்த கானாமுதம்' செய்தவர் அவர்.

6. ஒரே வீட்டு ஜாடை

தெலுங்கு, ராமன், அழகான சங்கதிகள், எல்லாம் தியாகராஜரைக் காட்டும். முத்திரை மட்டும் ஒத்துவராது. அப்போது சிஷ்ய பரம்பரையைப் பிடி. தியாகராஜரின் சிஷ்யர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையா, அவர் சிஷ்யர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவரிடம் படித்தவர்கள் மைசூர் வாசுதேவாசாரும் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரும். கதனகுதூகலத்தில் 'ரகுவம்ச சுதா' பட்டணத்தாருடையது. கமாஸில் 'ப்ரோசேவாரெவருரா' வாசுதேவாசாருடையது. இரண்டையும் தியாகராஜர் கணக்கில் சேர்ப்பவர்கள் அநேகம். கன்னடத்திலும் இந்தக் கதை உண்டு. 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' புரந்தரதாசருடையது என்று அடித்துச் சொல்வார்கள், அதைப் பாடியவர் அவருடைய குரு வியாசராயர்.

7. அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது

சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள். பாட்டுக்கு ஒரு வரி போதும்: ராகம், தாளம், மொழி, தெய்வம், முத்திரை. தெரியாத கட்டத்தைக் காலியாக விடு, ஊகித்து நிரப்பாதே. பேரைப் பல்லவியில் ஒரு தடவையும் சரணத்துக்குப் பிறகு ஒரு தடவையும் எழுது. இரண்டும் மாறிய பாட்டுகள்தான் உனக்குப் பாடம். போன் வெளிச்சத்தில் நடுப்பாட்டில் தேடாதே. பின்வரிசைக்காரர் சாபம் வேறு சேரும். துக்கடா நேரத்தில் அலட்சியமாக இருந்துவிடாதே. பதம், ஜாவளி, தேவர்நாமா, அபங்கம், தில்லானா எல்லாம் அங்கேதான் வரும், புதுப் பேர்கள் அதிகம் கிடைப்பதும் அங்கேதான்.

8. வீட்டில் விளையாட, துப்புத் தயாரிக்க

மார்கழியில் அப்பார்ட்மென்ட்டில் க்விஸ் வைக்கச் சொன்னால் நீ துப்புக் கொடுக்கும் பக்கம் இருப்பாய். ஆளுக்கு ஐந்து துப்பு, கஷ்டத்திலிருந்து சுலபத்துக்கு. முதல் துப்பிலேயே சொன்னால் ஐந்து மார்க், கடைசித் துப்பில் ஒன்று. நல்ல துப்பு, பதில் தெரிந்த பிறகு "அட, ஆமாம்" என்று சொல்லவைக்க வேண்டும். 'திருவாரூரில் பிறந்தவர்' என்று கொடுக்காதே, மும்மூர்த்திகள் மூவருமே அங்கே பிறந்தவர்கள். மறைந்த ஊரைக் கொடு: சியாமா சாஸ்திரி 1827-ல் தஞ்சாவூர், தீட்சிதர் 1835-ல் எட்டயபுரம், தியாகராஜர் 1847-ல் திருவையாறு. மூன்றும் மூன்று ஊர்.

மாதிரிக்கு இரண்டு. விடையைக் கையால் மூடிக்கொண்டு படி.

அ) வெள்ளைக்காரர்களின் பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார், பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. காசியில் சில ஆண்டுகள் இருந்தார். ஹம்சத்வனியைத் தந்தவர் அவர் அப்பா. கிரகங்களையும் பாடினார். முத்திரை, முருகனின் பேர். – முத்துசுவாமி தீட்சிதர்.

ஆ) 1939-ல் வந்த 'தியாகபூமி' படத்தில் சாம்பு சாஸ்திரியாக நடித்தார். மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை செய்தார். ரசிகர்கள் அவரைத் தமிழ்த் தியாகராஜர் என்றார்கள். இயற்பெயர் ராமையா. முத்திரையை ஒரு தெலுங்குக்காரருடன் பகிர்ந்துகொள்கிறார். – பாபநாசம் சிவன்.

இந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்

ஒரே ராகத்தில் மூவரையும் கேட்பதுதான் நல்ல பயிற்சி. கல்யாணியை எடுத்துக்கொள். தியாகராஜரின் 'நிதி சால சுகமா', தீட்சிதரின் 'கமலாம்பாம் பஜரே', சியாமா சாஸ்திரியின் 'தல்லி நின்னு நேர'. ராகம் ஒன்று என்பதால் அந்தத் துப்பு தானாக விழுந்துவிடும். முதலாவதும் மூன்றாவதும் தெலுங்கு, இரண்டுமே மிஸ்ர சாபு, ஆக மொழியும் தாளமும் உதவாது. ஒன்றில் தன் மனசையே கேள்வி கேட்கிறார், இன்னொன்றில் அம்மாவை நம்பிக் கூப்பிடுகிறார். அதைப் பிடித்துவிட்டால் முத்திரை வரும் முன்பே பேர் சொல்லிவிடுவாய். நடுவில் உள்ளது சமஸ்கிருதத்திலேயே தனித்துத் தெரியும், மத்யமகாலம் அதை உறுதி செய்யும்.

கேட்டுவிட்டு நோட்டில் மூன்று வரி எழுதி அனுப்பு. சரியாக இருந்தால் அடுத்த வாரம் தோடிக்குப் போகலாம்.